கார் ஈக்வலைசர் வாங்கும் முன்: கும்பகோணம் பட்டறையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் வண்டிகளுக்குப் பாட்டு செட் மாட்டுவது என் பிழைப்பு. தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, காரைக்கால் என்று நாலு திசையிலிருந்தும் வண்டி வரும். வருகிறவர்களில் பலர் இறங்கியதுமே "ஈக்வலைசர் ஒண்ணு போட்டுடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது பல நேரம் வேறு ஏதாவதாக இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஈக்வலைசர்னா என்னண்ணே, பேஸ் ட்ரெபிள் திருகுறதுதானே?

அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; வயது ஏற ஏற மேல்பக்கம் தேயும். பேஸ் (கீழ்ச்சத்தம்), ட்ரெபிள் (மேல்சத்தம்) என்ற இரண்டு குமிழ்களும் இந்த முழு நீளத்தையும் இரண்டே கையால் பிடிக்கப் பார்க்கின்றன. ஈக்வலைசர் அதைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனியாக ஏற்ற இறக்க விடுகிறது. அந்தத் துண்டுக்குத்தான் பேண்ட் என்று பெயர். பத்து பேண்ட் என்றால் 31, 63, 125, 250, 500 என்று இரட்டித்துக்கொண்டே 16,000 வரை போகும்.

எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் குமிழைத் திருகுவதில் அர்த்தம் உண்டு. ஆண் பேச்சுக் குரலின் அடிச்சுருதி சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 165 முதல் 255. சொற்கள் புரியும்படி கேட்பதற்கு வேண்டியது பெரும்பாலும் 1,000-க்கும் 4,000-க்கும் நடுவில் இருக்கிறது. 'ஸ', 'ஷ' காதைக் கீறுவது 5,000-லிருந்து 8,000 வரை. பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபர் பெட்டியின் வேலையெல்லாம் பெரும்பாலும் 80-க்குக் கீழே.

இதைப் போட்டா பேஸ் எவ்வளவு ஏறும்?

இல்லாத பேஸ் ஏறாது. இதைச் சொன்னதும் வந்தவர் முகம் சுருங்கிப்போகும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணக்கைப் பாருங்கள். சத்தத்தை அளக்கும் கணக்கு டெசிபல்; சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தருவது ஆம்ப் (செட்டுக்குள்ளேயே சிறிதாக ஒன்று இருக்கும்). 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். 6 டெசிபலுக்கு நாலு மடங்கு, 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு. சாதாரணமாகக் கேட்கும் சத்தத்தில் 3 வாட்ஸ் போகிறது என்றால், 60 ஹெர்ட்ஸ் குமிழைக் கடைசி வரை 12 டெசிபல் ஏற்றியதும் அந்த இடத்துக்கு மட்டும் 48 வாட்ஸ் வேண்டும்.

டப்பாவில் '50 × 4' (நாலு சேனலுக்கும் தலா 50 வாட்ஸ்) என்று போட்ட செட் தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ்தான். மீதி எங்கிருந்து வரும்? வராது. அலையின் தலை வெட்டுப்பட்டு கரகரவென்று வரும். அப்படி வெட்டுப்பட்ட சத்தம் முதலில் பலி வாங்குவது மேல்சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை. "பேஸ்தானே ஏத்தினேன், ட்வீட்டர் ஏன் எரிஞ்சுது?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுதான் பதில். பேஸ் வேண்டும் என்றால் ஊஃபருக்கும் ஆம்புக்கும் காசு போடுங்கள்.

அப்போ கம்பெனி செட்லயே ஈக்வலைசர் இருக்கே, தனியா எதுக்கு?

பல பேருக்குத் தேவையே இல்லை. நாலு கதவு ஸ்பீக்கர், தனி ஆம்ப் கிடையாது, வீட்டிலிருந்து வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் வண்டி என்றால் செட்டுக்குள் இருக்கும் ஈக்வலைசர் போதும். தனியாக வாங்கும் பெட்டி பெரும்பாலும் செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் உட்காருவது. ஆம்பே இல்லாத வண்டியில் அதை எங்கே கோப்பது? ஆம்பும் ஊஃபரும் போட்ட பிறகு வாருங்கள், அப்போது பேசலாம்.

ஸ்பீக்கர் புதுசு, செட்டு புதுசு. இருந்தும் தகர டப்பால பாடுற மாதிரி இருக்கு. ஈக்வலைசர் சரி பண்ணுமா?

ஒரு தவில் வித்வான் வண்டி கொண்டுவந்தார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகிறவர். தான் வாசித்த பதிவையே போட்டுக் காட்டி, "வலந்தலை கேக்குது தம்பி, தொப்பி எங்க போச்சு?" என்றார். கூடு மாட்டிய விரல் விழும் வலந்தலை சுளீரென்று கேட்டது. குச்சி விழும் தொப்பியைக் காணவில்லை. நான் 100 ஹெர்ட்ஸை 3 டெசிபல் ஏற்றினேன், 6 ஏற்றினேன். அசையவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. வலது கதவைப் பிரித்து, ஸ்பீக்கர் வயரைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் கோன் வெளியே தள்ள வேண்டும், உள்ளே இழுத்தது. முன்பு மாட்டியவர் ஒரு பக்கம் மட்டும் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இடது ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது வலது இழுக்கிறது, கீழ்ச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. வயரை மாற்றிப் போட்டு, ஈக்வலைசரை நடுவுக்குக் கொண்டுவந்து பாட்டைப் போட்டோம். அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். ஈக்வலைசர் வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

அடுத்தது கதவு. கதவுத் தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று முன்னால் வந்து கலந்தாலும் இதே கதைதான். ஓட்டைகளை மூடி, தகடு அதிராமல் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கர் வளையம் ஆடாமல் இறுக்க வேண்டும். ஷீட் பியூட்டைல் வகையாக இருக்கட்டும். மலிவான தார் ஷீட் சித்திரை வெயிலில் இளகி, கதவுக்குள் வழிந்து கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அஞ்சு பேண்ட், ஏழு பேண்ட், 31 பேண்ட்னு இருக்கு. பேண்ட் கூடக் கூட நல்லதா?

நிறையக் கதவு வைத்த வீடு மாதிரிதான். எந்தக் கதவை எப்போது திறப்பது என்று தெரிந்தவருக்கு வசதி, தெரியாதவருக்குக் குழப்பம். 31 பேண்ட் என்பது ஒவ்வொரு இரட்டிப்பையும் மூன்றாக வகுத்தது. நுணுக்கமாகக் கை வைக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் காதை மட்டும் நம்பி 31 குமிழைத் திருகுகிறவர் பத்தே நிமிடத்தில் தொலைந்துபோவார். நானே தொலைந்திருக்கிறேன்.

ஆம்ப், ஊஃபர் வைத்து, ஓட்டிக்கொண்டே கை நீட்டிப் பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் மாற்ற ஆசைப்படுகிறவருக்கு ஐந்து அல்லது ஏழு பேண்ட் பெட்டி பொருத்தம். ஊஃபருக்கென்று தனி வால்யூம் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது. உண்மையில் தினமும் பயன்படப்போவது அந்த ஒரு குமிழ்தான்.

பாராமெட்ரிக்ங்குறாங்களே, அது வேறயா?

வேறதான். குமிழ் வரிசையாக நிற்கும் சாதாரண கிராஃபிக் ஈக்வலைசரில் இடம் முன்பே முடிவு செய்யப்பட்டது. 250 என்றால் 250தான். பாராமெட்ரிக்கில் எந்த இடம், எவ்வளவு ஏற்ற இறக்கம், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் நீங்கள் சொல்கிறீர்கள். அந்த அகலத்துக்கு 'கியூ' என்று பெயர். கியூ 1.4 என்றால் ஏறக்குறைய ஒரு முழு இரட்டிப்பின் அகலம்; 4.3 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. எண் ஏற ஏற கத்தி ஒல்லியாகும்.

ஒரு காரில் 180 ஹெர்ட்ஸில் கதவு 'பூம்' என்று எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து பேண்ட் பெட்டியில் 125-ஐயும் 250-ஐயும் இறக்கி, ஆண் குரலைச் சோகையாக்கித்தான் அதை அடக்க முடியும். பாராமெட்ரிக்கில் 180-ஐ மட்டும் நறுக்கென்று கிள்ளிவிடலாம். பொறுமை உள்ளவருக்கு ஐந்து பேண்ட் பாராமெட்ரிக், 15 பேண்ட் கிராஃபிக்கைவிட மேல் என்பது என் கட்சி.

டிஎஸ்பி போடலாமா, குமிழ் வச்சதே போதுமா?

டிஎஸ்பி என்பது சத்தத்தைக் கம்ப்யூட்டர் முறையில் திருத்தும் பெட்டி. அதில் ஈக்வலைசர் ஒரு பகுதிதான். எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரும், எல்லா ஸ்பீக்கரின் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் டைம் அலைன்மென்டும் அதில் சேர்ந்தே வரும். காரில் பெரிய வித்தியாசம் காட்டுவது இந்த இரண்டாவதுதான். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். வலது கதவு ஸ்பீக்கர் பக்கத்தில், இடது தள்ளி. தூர வித்தியாசம் 45 சென்டிமீட்டர் என்றால், சத்தம் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிற கணக்கில், இடப்பக்கச் சத்தம் 1.3 மில்லி செகண்ட் பிந்தி வருகிறது. அதனால்தான் பாடகர் உங்கள் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. வலது ஸ்பீக்கரை அதே 1.3 மில்லி செகண்ட் தாமதிக்கச் செய்தால் அவர் டேஷ்போர்டு நடுவுக்கு வந்துவிடுவார். எந்தக் குமிழ் ஈக்வலைசராலும் இது ஆகாது.

எனவே தனியாகப் பயணம் செய்து, பாட்டை உட்கார்ந்து கேட்கிறவருக்கு டிஎஸ்பி. குடும்பத்தோடு போகும் வண்டிக்கு, ஐந்து பேர் பேச்சுக்கும் நடுவே பாட்டு ஓடும் வண்டிக்கு, குமிழ் வைத்தது போதும். ஓட்டுநர் இருக்கைக்கென்று அலைன் செய்தால் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு இன்னும் கோணலாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளரின் மனைவி மறுநாளே வண்டியோடு வந்துவிட்டார். இன்னொன்று: டிஎஸ்பி வாங்கும்போது, கம்ப்யூட்டர் வைத்து அதைச் செட் பண்ணித் தரும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். செட் பண்ணாத டிஎஸ்பி வெறும் டப்பா.

ஆண்ட்ராய்டு செட்ல '32 பேண்ட் டிஎஸ்பி'னு போட்டிருக்கே. அதுவே போதாதா?

சிலவற்றில் போதும். மூன்றைச் சோதித்துப் பாருங்கள். வலது, இடதுக்குத் தனித்தனியாகத் தாமதம் வைக்க முடிகிறதா? ஊஃபருக்குத் தனி ஆர்சிஏ வெளியீடும் (ஆம்புக்கு வயர் கோக்கும் துளை) கிராஸ்ஓவரும் உண்டா? பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை ஏற்றினால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் எவ்வளவு? மூன்றாவதில்தான் பல செட்டுகள் தோற்கின்றன. பேண்ட் எண்ணிக்கையைத் திரையில் வரைவது சுலபம்.

வாங்கும்போது பெட்டியில எதைப் பாக்கணும்?

உள்ளே வரும் வழியை முதலில். கம்பெனி செட்டை மாற்றப்போவதில்லை, அதில் ஆர்சிஏ வெளியீடும் இல்லை என்றால், ஸ்பீக்கர் வயரையே உள்ளே வாங்கிக்கொள்ளும் ஹை லெவல் இன்புட் இருக்கும் பெட்டியாக வேண்டும். வயரை வெட்டாமல் உங்கள் மாடலுக்கான கப்ளர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் நாளைக்கு வாரன்டிக்குப் போகும்போது வாக்குவாதம்.

அடுத்தது வெளியீட்டு வோல்ட். செட்டிலிருந்து 2 வோல்ட் வருவதை 7, 8 வோல்ட்டாக ஏற்றித் தரும் பெட்டிகள் உண்டு. சத்தம் நிறைய வரும் என்பதற்காக அல்ல, ஆம்பின் கெயினை, அதாவது உள்ளே வருவதை அது பெருக்கும் அளவை, குறைவாக வைக்கலாம், இரைச்சல் அடங்கும் என்பதற்காக. அப்புறம் அளவு: பாதி டின் (கார் செட்டுக்கான 'DIN' அளவில் பாதி உயரம்) பெட்டி 25 மில்லிமீட்டர் உயரம்தான், ஆனால் உங்கள் டேஷ்போர்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போங்கள். சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்கிறவர்களுக்கு ஒரே கேள்வி: ஐப்பசி மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கும்?

பென்டிரைவ் பாட்டு மங்கலா இருக்கு. 16 ஆயிரம் குமிழை ஏத்தினா தெளியுமா?

குறைந்த தரத்தில் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 16,000-ஐ ஒட்டியே வெட்டப்பட்டிருக்கும். எஃப்எம் ரேடியோ 15,000-உடன் நின்றுவிடும். இல்லாததை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். பாட்டை மாற்றுங்கள்.

மாட்டினதுலேருந்து ஆக்சிலேட்டர் மிதிச்சா 'ஙொய்ய்'னு கூடவே ஏறுது. பெட்டி பழுதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கும். அது ஆல்டர்னேட்டர் சத்தம், எர்த் சரியில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வண்டிக்குச் சீட்டு போல்ட்டிலேயே எர்த்தைக் கடித்து விட்டேன். மூன்று தடவை திரும்பி வந்தது. நாலாவது தடவை பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் வைத்து இறுக்கியதும் சத்தம் நின்றது. செட், ஈக்வலைசர், ஆம்ப் மூன்றுக்கும் முடிந்தவரை ஒரே இடத்தில் எர்த் கொடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வயர் வண்டியின் ஒரு பக்கம் போனால் ஆர்சிஏ வயர் மறுபக்கம் போகட்டும்.

எப்படி செட் பண்றது? போன் ஆப் போதுமா?

முதலில் எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். போனுக்குள் இருக்கும் ஈக்வலைசர், செட்டில் இருக்கும் 'ராக்', 'பாப்', லவுட்னஸ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இரண்டு இடத்தில் ஏற்றி மூன்றாவது இடத்தில் இறக்குவது நிறைய வண்டிகளில் நடக்கிறது. ஆர்சிஏ வழியாகப் போகும் செட்டில் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

பிறகு பிங்க் நாய்ஸ் என்ற 'ஷ்ஷ்' சத்தத்தை ஓடவிட்டு, கதவு கண்ணாடி மூடி, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் தலை இருக்கும் இடத்தைச் சுற்றிப் போனை மெதுவாக ஆட்டி அளக்கலாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. நடுச்சத்தத்துக்கு நம்பலாம், ஊஃபர் பகுதிக்கு நம்பக் கூடாது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அளவு பார்க்கும் தனி மைக்கும், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் வைத்திருப்பார்கள். மேடு தெரிகிற இடத்தை இறக்குங்கள். பள்ளத்தைத் தூர்க்கப் பார்க்காதீர்கள். பல பள்ளங்கள் தவில் கதையில் சொன்ன மாதிரி சத்தம் சத்தத்தைத் தின்பதால் வருபவை. அங்கே எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. 6 டெசிபலுக்கு மேல் எங்காவது ஏற்ற வேண்டி வந்தால் கையை எடுத்துவிட்டு வயரைப் பாருங்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். காது களைத்துவிடும், களைத்த காது ட்ரெபிளை ஏற்றச் சொல்லும். ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வந்து கேளுங்கள்.

சினிமாப் பாட்டு நல்லாத்தான் இருக்கு. நாதஸ்வரம் போட்டா மட்டும் காது கூசுது.

எனக்குப் பிடித்த கேள்வி. நரசிங்கம்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து, சீவாளி பொருத்தி, வாசித்துப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். சத்தம் பெரிது, நெஞ்சில் வந்து மோதும், ஆனால் கூசாது. காருக்குள் கூசுகிறது என்றால் கோளாறு காரில்.

நாதஸ்வரத்தின் மேல்நாதங்கள் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவில் அடர்த்தியாக வரும். நம் காது அதிகக் கூர்மையாக இருப்பதும் 3,000-ஐ ஒட்டித்தான். எதிரே கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி, எல்லாம் அந்தச் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பாராமெட்ரிக் இருந்தால் 3,000 பக்கம் 2 அல்லது 3 டெசிபல் இறக்கி, கியூவை 2 அளவில் வைத்து, இடத்தை 2,500-க்கும் 4,000-க்கும் நடுவில் மெல்ல நகர்த்துங்கள். ஒரு புள்ளியில் கூச்சம் மட்டும் போய் நாதம் நிற்கும். அதற்கு மேல் இறக்கினால் கிளாரினெட் மாதிரி ஆகிவிடும். நான் எல்லா வண்டியையும் கடைசியில் ஒரு மல்லாரி போட்டுத்தான் சோதிக்கிறேன். நாதஸ்வரமும் தவிலும் ஒழுங்காக நின்றுவிட்டால் மற்ற பாட்டெல்லாம் தானாக நிற்கும்.

ஆத்தங்கரை ரோட்டுல மெதுவா போனா அருமையா இருக்கு. பைபாஸ்ல ஏறினா பேஸே காணோம்.

டயர் இரைச்சலும் இன்ஜின் முனகலும் பெரும்பாலும் கீழ்ச்சத்தம். அவை பேஸை மூடிவிடுகின்றன. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பேஸ்தான் முதலில் மறையும். இதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். செட்டில் இருக்கும் லவுட்னஸ் பொத்தான் அதற்காக வந்ததுதான். டிஎஸ்பி என்றால் ஊருக்கு ஒன்று, பைபாஸுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் கூடுதலாக ஒன்று என்று இரண்டு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் பெட்டி என்றால் அந்த ஊஃபர் வால்யூம் இருக்கவே இருக்கிறது.

டிராக்டர்லயும் லாரிலயும் இதையே போடலாமா?

டிராக்டர் 12 வோல்ட், போடலாம். பெரிய லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட். கார் பெட்டியை நேராகக் கொடுத்தால் புகை வரும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்கு வழியும் வேண்டாம். எடுக்கும் பேட்டரி எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மீறி ஏறும், சீக்கிரமே இரண்டும் போகும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர் போடுங்கள், உங்கள் ஆம்ப் இழுக்கும் ஆம்பியரைவிடக் கூடுதலாகத் தாங்குவதாகப் பார்த்து.

நல்லாத்தான் இருந்துச்சு. அறுவடை முடிஞ்சதுலேருந்து குமிழைத் தொட்டா கரகரங்குது, ஒரு பக்கம் சத்தம் போய்ப் போய் வருது.

கண்ணாடியை இறக்கிக்கொண்டு களத்துமேட்டில் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். நெல் தூசி குமிழுக்கடியில் போய், பனி ஈரத்தோடு சேர்ந்து படிந்திருக்கும். நாகப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். செட்டை அணைத்துவிட்டு, மின்சாதனங்களுக்கான கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் இடுக்கில் கொஞ்சம் அடித்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருபது தடவை திருகுங்கள். பத்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். திருகும் முன் குமிழ்கள் இருந்த நிலையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுபடி செட் பண்ணத் திரும்பவும் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.